மிதிவண்டி பிரேக்கின் வரலாறு: பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை



ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு மிதிவண்டி வாங்கித் தருவது நம் பெற்றோரிடையே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம். முன்பெல்லாம் கூடையும் கேரியரும் உள்ள வண்டியே போதுமானதாக இருந்தது. இன்று பிள்ளைகள் விரும்புவது வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட 'ரோட் பைக்'. கடைக்குச் செல்லும் பெற்றோர் அங்கே எதிர்கொள்ளும் முதல் வினா, "ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?" என்பதாகும். சுங்கை ஊடாங் வட்டாரப் பெற்றோர் சிலர் இவ்வினாவை என்னிடமும் கேட்டதுண்டு.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். ஆகவே, வரலாற்றின் வழியாகவே இதற்கு விடை காண முற்பட்டேன். அவ்வாறு தேடியதில் ஓர் உண்மை தெளிவாயிற்று. உலகில் எந்தப் பிரேக்கும் 'மிகச் சிறந்தது' என்று பிறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சக்கரத்திற்கும், ஒரு குறிப்பிட்ட சாலைக்கும், ஒரு குறிப்பிட்ட ஆபத்திற்கும் விடையாகவே தோன்றியது. எந்த வினாவுக்கு எது விடை என்று அறிந்துகொண்டால், நம் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பது தானே விளங்கும்.

நிறுத்துவதற்கு அரிய வண்டிகள்

1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதில் மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தி நகர்த்த வேண்டும். நிறுத்துவதற்கும் பெரும்பாலும் கால்களே துணை. மனிதன் ஓடும் வேகத்திற்கு அது ஓரளவு போதுமானதாக இருந்தது.

1860களில் பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து மிதிகட்டை பொருத்திய வண்டிகள் வெளிவந்தன. மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கால் தரையை விட்டு எழுந்துவிட்டதால், பிரேக் என்பது தனியொரு கருவியாக வேண்டியதாயிற்று. கைப்பிடியை முறுக்கினால் ஒரு கயிறு இறுகி, பின்சக்கரத்தின் மீது ஒரு கட்டையை அழுத்தும். அந்நாளைய ஏற்பாடு அதுதான்.

அடுத்து 1870களில் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த உயர்ந்த வண்டிகள் இங்கிலாந்தில் பரவின. கரண்டி வடிவ உலோகத் தகடு ஒன்று முன்சக்கரத்தின் டயர்மீது மேலிருந்து அழுந்தும். அதனை வேகமாக அழுத்தினால் வண்டி நிற்கும். ஓட்டியவரோ கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்சக்கரத்திற்கு நேர் மேலே இருந்ததே காரணம். நல்ல பிரேக் இருந்தாலும் அது பொருந்தாத வண்டியில் இருந்தால் ஆபத்தே என்னும் பாடத்தை அவ்வண்டிகள் கற்பித்தன.

இதற்குத் தீர்வாக 1885ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை.

காற்றடைத்த டயரும் மலாக்கா மண்ணும்

1888ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த இரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். பயணம் மென்மையாயிற்று, வேகமும் கூடிற்று. ஆயினும், பிரேக்கிற்கு ஒரு புதுச் சிக்கல் உண்டாயிற்று. டயரின் மீது தகட்டை அழுத்தி நிறுத்தும் பழைய முறை, மென்மையான காற்று டயரைத் தேய்த்துப் பாழாக்கியது. எனவே பிரேக் டயரை விட்டு விலகி, சக்கரத்தின் உலோக வளையமாகிய ரிம்முக்கு இடம் மாறியது. இன்றைய 'ரிம் பிரேக்' என்னும் பெயரின் தோற்றம் இங்குதான்.

இந்தக் கதையில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் இரப்பர் மரங்களை வணிக நோக்கில் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் என வரலாற்று நூல்கள் குறிப்பது அதனையே. 1890களின் மிதிவண்டி மோகமும், அடுத்து வந்த மோட்டார் வண்டிகளும் இரப்பரின் தேவையைப் பெருக்கின. தோட்டங்கள் பெருகின, கங்காணிகளின் வழியாக நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தனர். டன்லப் நிறுவனமே பிற்காலத்தில் மலாயாவில் இரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது. டயரும், டியூபும், பிரேக் கட்டையும் இரப்பரால் ஆனவை. நம் பாட்டன் பாட்டியர் விடியலில் கித்தா மரம் சீவி எடுத்த பாலுக்கும், உலகின் எங்கோ ஒரு மூலையில் ஒரு வண்டி பாதுகாப்பாக நின்றதற்கும் தொடர்பு இருந்தது என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம். வரலாற்றுப் பாடம் அவர்களுக்கு நெருக்கமாகும்.

அதே 1896ஆம் ஆண்டில்தான் எர்னஸ்ட் பவ்டன் என்பவர் இங்கிலாந்தில் ஓர் எளிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். வளையக்கூடிய உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி அது. இன்று நாம் 'பிரேக் கேபிள்' என்று அழைப்பது அதனைத்தான்.

தோட்டத்துச் சாலையில் கம்பி பிரேக்

கேபிள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், காலனி ஆட்சிக் கால மலாயாவிலும் இந்தியாவிலும் பல்லாண்டுக் காலம் கோலோச்சியது கம்பி பிரேக்கே ஆகும். ராலே போன்ற ஆங்கிலேய நிறுவனங்களின் கனமான கறுப்பு வண்டிகளை மூத்தோர் நன்கு நினைவுகூர்வர். கைப்பிடிக்குக் கீழே அதற்கு இணையாக வளைந்து செல்லும் பிரேக் பிடியை விரல்களால் மேல்நோக்கி இழுத்தால், இரும்புக் கம்பிகள் நகர்ந்து அங்கவடி வடிவிலான ஒரு வளைவை இழுக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள இரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுந்தும்.

பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்மண் பாதையில் செல்லும் ஒருவருக்கு இது பொருத்தமான பிரேக்காக இருந்தது. வேகம் குறைவு. கம்பி எளிதில் அறுந்து போகாது. வளைந்தால் சுத்தியலால் நிமிர்த்திக்கொள்ளலாம். கட்டை தேய்ந்தால் வேறு கட்டை மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் இல்லாத தோட்டத்தில், தானே பழுதுபார்த்துக்கொள்ள முடிவதே ஒரு பிரேக்கின் முதன்மையான தகுதி.

ஆனால் அதற்கு ஒரு பெருங்குறையும் இருந்தது. பளபளக்கும் குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால், இரப்பர்க் கட்டைக்குப் பிடிமானம் பெரிதும் குறைந்துவிடும். சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் வழித்தெறியப்பட்ட பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் நாட்டில் இது சிறிய குறையன்று. மழையில் இறக்கம் வந்தால் மூத்தோர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் சென்றதற்கு இதுவே காரணம். அதனை அச்சம் என்று சொல்லக்கூடாது. தம் வண்டியின் எல்லையை அறிந்தவர்களின் விவேகம் அது.

கால் பிரேக்

1890களின் இறுதியில் 'ஃப்ரீவீல்' பரவலாயிற்று. மிதிக்காமலே சக்கரம் உருளும் வசதி அது. அதற்கு முன்னர், மிதிகட்டையைப் பின்னோக்கி எதிர்த்து அழுத்தியே வேகத்தைக் குறைக்க முடிந்தது. ஃப்ரீவீல் வந்தபின் அந்த வழி மறைந்தது. அதற்கு ஈடாக, பின்னோக்கி மிதித்தால் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பிரேக் பிடிக்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது. ஜெர்மனியில் 1903ஆம் ஆண்டு வெளிவந்த 'டார்பெடோ' அவ்வகையில் புகழ் பெற்றது. மழையால் பாதிக்கப்படாமை இதன் சிறப்பு. பின்சக்கரத்தில் மட்டுமே செயல்படுவது இதன் குறை. சங்கிலி கழன்றுவிட்டால் பிரேக்கும் போய்விடும். இன்றும் சிறுவர் வண்டிகள் சிலவற்றில் இதனைக் காணலாம்.

கேபிளும் அலுமினிய ரிம்மும்

பந்தய வண்டிகளுக்குக் கனமான கம்பி ஒவ்வாது. எனவே அவை கேபிளால் இயங்கும் இடுக்கி போன்ற 'கேலிப்பர்' பிரேக்கை ஏற்றன. ரிம்மின் இரு பக்கங்களையும் இரு கட்டைகள் நெருக்கிப் பிடிக்கும். அதனுடன் எஃகு ரிம்முக்குப் பதிலாக அலுமினிய ரிம் வழக்கத்திற்கு வந்தது. என் கருத்தில், மழை நாட்டினருக்கு மிகப் பெரிய முன்னேற்றம் டிஸ்க் பிரேக் அன்று. இந்த அலுமினிய ரிம்மே ஆகும். நனைந்த அலுமினியத்தில் இரப்பர்க் கட்டை நனைந்த குரோமியத்தைவிடப் பன்மடங்கு நன்றாகப் பிடிக்கும்.

1990ஆம் ஆண்டையொட்டி ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் இரு சுழற்சிமையம் கொண்ட கேலிப்பரைப் பரவலாக்கியது. குறைந்த விரல் வலுவில் கூடுதலான பிடிமானத்தை அது தந்தது. இன்று ரிம் பிரேக் உள்ள ரோட் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே. அந்நிறுவனமே 1996ஆம் ஆண்டையொட்டி மலையேற்ற வண்டிகளுக்கு நீண்ட கரங்கள் கொண்ட வீ-பிரேக்கை அறிமுகப்படுத்தியது. வீ-பிரேக்கிற்குக் கேபிள் அதிக நீளம் இழுக்கப்பட வேண்டும். ஆகவே, ரோட் பைக்கின் பிரேக் பிடியையும் வீ-பிரேக்கையும் அப்படியே இணைத்தால் சரிவர இயங்காது. பழைய பாகங்களைச் சேர்த்து வண்டி கட்டும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்

டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் ரிம்மைத் தொடுவதில்லை. சக்கரத்தின் அச்சருகே பொருத்திய எஃகுத் தட்டைப் பிடிக்கின்றன. ரிம் வளைந்தாலும், சேற்றில் தோய்ந்தாலும் பிரேக்கிற்குப் பெரிய பாதிப்பில்லை. மலையேற்ற வண்டிகளில் இது முன்பே வேரூன்றிவிட்டது.

சாலைப் பந்தயத்தில் மட்டும் பெரும் வாதம் நிகழ்ந்தது. அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் 2015ஆம் ஆண்டில் இதனைச் சோதனை முறையில் அனுமதித்தது. 2016 ஏப்ரலில் நடந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில் வீரர் ஒருவர் தம் காலில் ஏற்பட்ட ஆழமான காயத்திற்குச் சுழலும் தட்டே காரணம் என்று கூறியதை அடுத்து அச்சோதனை நிறுத்தப்பட்டது. 2017இல் மீண்டும் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து முழு அனுமதி கிடைத்தது. அதன்பின் வண்டி உற்பத்தியாளர்களும் டிஸ்க் பக்கமே சாய்ந்தனர்.

இம்மாற்றத்திற்கு ஒரு காரணம் கார்பன் ரிம் ஆகும். எடை குறைந்த கார்பன் ரிம்மில், மழையில் கட்டையின் பிடிமானம் குறையும். நீண்ட மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் சூடேறிச் சிதையவும் கூடும். பந்தய வீரருக்கு இது உண்மையான சிக்கல். நம் பிள்ளை வாங்கப்போவதோ பெரும்பாலும் அலுமினிய ரிம் பொருத்திய வண்டி. அவனுக்கு இல்லாத நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து, அவனுக்குக் கட்டாயமாகத் தேவை என்று கருத வேண்டியதில்லை.

பிரேக்கைக் கழற்றிய வண்டிகள்

இருநூறு ஆண்டுக் கால வரலாற்றைக் கூறிவிட்டு ஒரு வேதனையையும் கூறாமலிருக்க இயலவில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலையில், ஜொகூர் பாருவில் மிதிவண்டிக் கூட்டமொன்றில் கார் மோதி எட்டுப் பதின்ம வயதினர் உயிரிழந்தனர். 'பசிக்கால் லாஜாக்' என்னும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளைப் பற்றி நாடே பேசத் தொடங்கியது அதன் பின்னர்தான். அந்நிகழ்வின் வழக்கு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கார் ஓட்டுநர் விடுவிக்கப்பட்டதோடு முடிவுற்றது. யார் மீது குற்றம் என்பதை ஆராய்வது என் நோக்கமன்று. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றியே பேச விழைகிறேன்.

லாஜாக் வண்டியில் இருக்கையும் கைப்பிடியும் தாழ்த்தப்படுகின்றன. பல வண்டிகளில் பிரேக்கும் கழற்றப்படுகிறது. இறக்கத்தில் இருக்கையின் மீது குப்புறப் படுத்தபடி பாய்ந்து செல்வதே அதன் 'வீரம்'. நிறுத்துவதற்குக் காலணியையே நம்ப வேண்டும். கார்ல் டிரைஸ் காலத்து முறை அது. வேகம் மட்டும் அக்காலத்து வேகமன்று.

"அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டும் வண்டியிலும் பிரேக் இல்லையே, ஐயா?" என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினா, தட்டிக் கழிக்காமல் விடையளிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளரான அவ்வீரர் ஓட்டுவது மூடிய ஓடுதளத்தில். அங்கே அனைவரும் ஒரே திசையில் செல்வர். குறுக்கே லாரி வராது, நாய் ஓடாது, குழந்தை பந்தைத் தேடி வராது. ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் மோதுவார் என்பதால், அங்கே பிரேக் இல்லாமையே பாதுகாப்பு. மேலும், அவ்வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது; மிதிகட்டையை எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். அந்த வண்டியும் தன் களத்திற்குப் பொருந்திய வண்டியே. நம் சாலை ஓடுதளம் அன்று.

ஒரு சிறு கணக்கு

வகுப்பறையில் பயன்படுத்தத்தக்க ஒரு கணக்கைத் தருகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும் எனக் கொள்வோம். உலர்ந்த சாலையில் இரு பிரேக்குகளையும் நன்கு பிடித்தால், வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் என்ற வீதத்தில் குறையும் எனக் கொண்டால், மேலும் 7 மீட்டர் தேவை. மொத்தம் 15 மீட்டர். பின் பிரேக் மட்டும் இருந்தால் அந்தத் திறன் ஏறத்தாழப் பாதியாகும். 7 மீட்டர் 14 மீட்டராகும். மொத்தம் 22 மீட்டர்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், இரு பிரேக்குகளும் இருந்தும் 44 மீட்டருக்கு மேல் தேவை. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் கடக்கும் தொலைவு நான்கு மடங்காகும் என்பதே இதன் அடிப்படை. பிரேக்கே இல்லாத வண்டிக்கு இக்கணக்கைப் போடவும் இயலாது.

பிரேக் பிடிக்கும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்கே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. "முன்பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடுவாய்" என்று பிள்ளைகளை அச்சுறுத்திப் பின்பிரேக்கை மட்டும் பழக்குவது சரியன்று. உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக்க வேண்டும்.

நம் வட்டாரத்திற்குப் பொருந்துவது எது?

சுங்கை ஊடாங் சாலைகளை எண்ணிப் பார்ப்போம். மலையோ நீண்ட இறக்கமோ இல்லை. ஆனால் 1994ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிக் கனரக வாகனங்கள் செல்கின்றன. பிற்பகலில் திடீர் மழை பெய்யும். கடல் அருகில் இருப்பதால் உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். இவற்றைக் கருதி என் பரிந்துரைகளைக் கூறுகிறேன்.

1. பள்ளிக்கும் அருகிலுள்ள இடங்களுக்கும் செல்ல, அலுமினிய ரிம்மும் இரு சுழற்சிமைய கேலிப்பரும் கொண்ட ரோட் பைக் போதுமானது. விலை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. பிள்ளையே கட்டையை மாற்றக் கற்றுக்கொள்ளலாம்.

2. மழையிலும் நாள்தோறும் ஓட்ட வேண்டியிருந்தால், அல்லது மலைப்பாதைகளுக்குச் செல்லும் குழுவில் சேர எண்ணினால், டிஸ்க் பிரேக் மேலானது. கேபிளால் இயங்கும் டிஸ்க் சிக்கனமானது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் மென்மையானது, ஆனால் பழுது பார்க்கத் தேர்ந்த கைகள் வேண்டும். வாங்கும் கடையில் அவ்வேலை தெரிந்தவர் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

3. டிஸ்க் தட்டின் மீது சங்கிலி எண்ணெய் சிறிதும் படக்கூடாது. பட்டால் பிடிமானம் போய்விடும்.

4. பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடியை எட்டுகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். எட்டவில்லை எனில், பல பிடிகளில் உள்ள சிறு திருகாணியைத் திருப்பி அருகில் கொண்டுவரலாம். எட்டாத பிரேக், இல்லாத பிரேக்கே.

5. எந்தக் கை முன்பிரேக்கை இயக்குகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். புதிய வண்டியில் முதல் நாளே அதனை அறிந்துகொள்ளச் செய்யுங்கள்.

6. துருப்பிடிக்காத எஃகுக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை கேபிளின் முனை பிரிந்துள்ளதா, கட்டையில் உள்ள பள்ளம் தேய்ந்து மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஈரச் சாலையில் எந்தப் பிரேக்கும் டயரின் பிடிமானத்தை மீறி நிறுத்த முடியாது என்பதையும் மறக்கலாகாது. விலை உயர்ந்த டிஸ்க் பிரேக் இருக்கிறது என்ற துணிவில் வேகத்தைக் கூட்டினால், அதனால் கிடைத்த பாதுகாப்பை நாமே இழந்தவராவோம்.

முடிவாக

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் மிதிவண்டி நிறுத்துமிடத்தை மாதம் ஒருமுறையேனும் சுற்றிப் பாருங்கள். பிரேக் கழற்றப்பட்ட வண்டியைக் கண்டால், கடிந்துகொள்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். சிலர் நண்பர்களுக்காகக் கழற்றியிருப்பர். சிலருடைய வண்டியிலோ கேபிள் அறுந்து, மாற்றுவதற்கு வீட்டில் பணமில்லாமல் அப்படியே விடப்பட்டிருக்கும். முன்னவருக்கு அறிவுரை தேவை. பின்னவருக்கு ஒரு கேபிளும் சிறிது நேரமும் போதும். இருவரையும் ஒன்றாகக் கருதிவிடக்கூடாது.

பெற்றோரே, ரிம்மா, டிஸ்க்கா என்ற வினாவுக்கு உங்கள் பிள்ளை செல்லும் சாலையும் உங்கள் வருமானமும் சேர்ந்து விடை சொல்லட்டும். இரண்டும் நல்லவையே. முன்னும் பின்னும் இரு பிரேக்குகள், எட்டும் பிடி, தேயாத கட்டை ஆகிய மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வண்டி வாங்கிய அன்று மாலையே திடலுக்கு அழைத்துச் சென்று, ஓட்டக் கற்றுக்கொடுப்பதைப் போலவே நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள்.